செல்லின் எல்லை எது? செல் சவ்வு பற்றி ஓர் எளிய விளக்கம்

பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் முதலில் வைக்கப்படுவது பெரும்பாலும் வெங்காயத் தோல்தான். வரிசை வரிசையாகக் கட்டங்கள் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல், சுற்றியுள்ள கோடு அதன் எல்லை என்று மாணவர்கள் நோட்டில் வரைந்துகொள்வார்கள். கட்டம் செல் என்பது சரி. கோடு எல்லை என்பது சரியல்ல. அந்தக் கோடு செல் சுவர். செல்லுலோஸால் ஆன உயிரற்ற சட்டகம். தண்ணீர், உப்பு, சர்க்கரை எல்லாம் அதன் வழியே தாராளமாகப் போய்வரும். எதையும் தடுத்து நிறுத்தாத ஒன்றை எல்லை என்று சொல்வதில் பொருளில்லை. உண்மையான எல்லை சுவரின் உட்புறத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது பள்ளி நுண்ணோக்கிக்குப் புலப்படாத அளவுக்கு மெல்லியது.

அதை வெளிக்காட்ட ஒரு வழி இருக்கிறது. ஊதா நிற வெங்காயத்தின் நிறமுள்ள தோலை மெல்லியதாக உரித்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, ஓரத்தில் கெட்டியான உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட வேண்டும். சில நிமிடங்களில் ஊதா நிறம் சுவரை விட்டு விலகத் தொடங்கும். முதலில் மூலைகளில் இடைவெளி விழும். பிறகு பக்கங்களும் பிரியும். கடைசியில் சுவர் அப்படியே நிற்க, நிறம் மட்டும் நடுவில் திரண்டு உருண்டு நிற்கும். உப்பு சுவரைத் தாண்டி வந்துவிட்டது. ஆனால் அந்த ஊதா உருண்டையின் விளிம்பைத் தாண்ட முடியவில்லை. உள்ளிருந்த தண்ணீர் வெளியேறிவிட்டது. ஆனால் நிறமி வெளியேறவில்லை. தண்ணீருக்கு வழிவிட்டு, உப்பையும் நிறமியையும் தடுத்த அந்த விளிம்புதான் செல் சவ்வு. (நுட்பமாகச் சொன்னால், நிறமி இருப்பது செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பையில். அதற்கும் தனியாக ஒரு சவ்வு உண்டு; இரண்டும் சேர்ந்தே சுருங்குகின்றன.) உப்பைக் கழுவி நல்ல தண்ணீர் விட்டால், சுருங்கியது மீண்டும் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தோலை முதலிலேயே கொதிநீரில் போட்டு எடுத்திருந்தால் இது எதுவும் நடக்காது. சவ்வு சிதைந்து, நிறம் தண்ணீரில் கசிந்து கலந்துவிடும்.

கொதிநீரில் போட்ட செல்லில் மூலக்கூறுகள் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கின்றன. உள்ளே வேறு, வெளியே வேறு என்ற நிலை மட்டும் போய்விட்டது. அதோடு உயிரும் போய்விட்டது. செல்லை உயிரின் அடிப்படை அலகு என்று ஏன் சொல்கிறோம் என்பதற்கு இதுவே நல்ல தொடக்கம். டி.என்.ஏ.வைச் சோதனைக் குழாயில் எடுத்து வைத்தால் அது ஒரு வேதிப்பொருள், அவ்வளவுதான். நொதிகளைத் தனியாகப் பிரித்தெடுத்தாலும் அவை வேலை செய்யும். ஆனால் குழாயில் இருப்பதை உயிர் என்று யாரும் சொல்வதில்லை. இவையெல்லாம் ஓர் எல்லைக்குள் சேர்ந்து, வேண்டியதை உள்ளே எடுத்து, வேண்டாததை வெளியே தள்ளி, தன்னைப் பழுதுபார்த்துக்கொண்டு, தன்னைப் போல் இன்னொன்றை உருவாக்கும்போதுதான் உயிர் என்கிறோம். இவ்வளவையும் தனியாகச் செய்யக்கூடிய மிகச் சிறிய அமைப்பு செல்.

வரலாற்றில் முதலில் கண்ணில் பட்டதும் சுவர்தான். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலில் கண்டது இறந்துபோன செல்களின் வெற்றுச் சுவர்களை. உயிருள்ள ஒற்றைச் செல்களை 1670களில் தண்ணீர்த் துளிகளில் கண்டவர் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லீவன்ஹூக். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத்தான், 1838இல் ஷ்லைடன் தாவரங்களையும், 1839இல் ஷ்வான் விலங்குகளையும் வைத்து, எல்லா உயிரினங்களும் செல்களால் ஆனவை என்று எழுதினார்கள். புதிய செல்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில் இருவருமே தவறினார்கள். ஏற்கெனவே உள்ள செல் பிரிந்துதான் புதிய செல் வருகிறது என்பதை ரேமாக் கண்டு சொன்னார். 1855இல் அதை ஊரறியச் செய்தவர் ஃபிர்கோ.

செல்கள் ஏன் இவ்வளவு சிறியவை? எல்லையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஒரு மனித உடலில் ஏறக்குறைய 30 லட்சம் கோடி செல்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவற்றில் பெரும்பகுதி இரத்தச் சிவப்பணுக்கள். ஒரு சிவப்பணுவின் குறுக்களவு 7 அல்லது 8 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக வைக்கலாம். ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் 2 மைக்ரோமீட்டர்தான். இப்போது, பக்கத்துக்கு 1 மைக்ரோமீட்டர் உள்ள கனசதுரச் செல் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். மேற்பரப்பு 6, கன அளவு 1. பக்கத்தை 10 ஆக்கினால் மேற்பரப்பு 600, கன அளவு 1000. உள்ளே பசி ஆயிரம் மடங்காகியிருக்கிறது; உணவு வரும் பரப்போ நூறு மடங்குதான் கூடியிருக்கிறது. தொலைவும் ஒரு தொல்லை. மூலக்கூறுகள் தாமாகப் பரவிச் செல்லும்போது, தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். எனவே யானைக்கும் எலிக்கும் செல்களின் எண்ணிக்கையில்தான் பெரிய வேறுபாடு. அளவில் அவ்வளவு இல்லை.

இனி சவ்வுக்கு வருவோம். அதன் அடிப்படைப் பொருள் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு வகை. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பாஸ்பேட் கொண்ட ஒரு தலை, கொழுப்பு அமிலங்களால் ஆன இரண்டு வால்கள். தலை தண்ணீரோடு இணங்கிப் போகும், வால் போகாது. வால்களுக்குத் தண்ணீர் மேல் வெறுப்பு என்று பாடங்களில் சொல்வதுண்டு. எனக்கு அந்த விளக்கத்தில் உடன்பாடில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்பவை. நடுவில் ஒரு கொழுப்பு வால் வந்து நின்றால், அதைச் சுற்றி அவை முறையாக அடுக்கி வைத்ததுபோல் நிற்க வேண்டியிருக்கிறது. விருப்பம்போல் திரும்பவும் புரளவும் முடிவதில்லை. வால்கள் எல்லாம் ஒரே இடத்தில் ஒதுங்கிக்கொண்டால் தண்ணீருக்குச் சுதந்திரம் கூடுகிறது. அதாவது வால்களை ஒதுக்குவது தண்ணீர்தான்.

ஒதுங்கும்போது எந்த வடிவம் வசதியானது? இரண்டு அடுக்கு. மேலடுக்கின் தலைகள் மேலே உள்ள தண்ணீரைப் பார்த்தும், கீழடுக்கின் தலைகள் கீழே உள்ள தண்ணீரைப் பார்த்தும் இருக்க, வால்கள் நடுவில் மறைந்துகொள்ளும். ஆனால் ஒரு தாளாக விரிந்து கிடந்தால் ஓரங்களில் வால்கள் தண்ணீரில் படும். எனவே அந்தத் தாள் தானாகவே வளைந்து, ஓரமே இல்லாத கோளமாக மூடிக்கொள்கிறது. யாரும் தைக்க வேண்டியதில்லை, ஒட்ட வேண்டியதில்லை, ஆற்றலும் செலவழிக்க வேண்டியதில்லை. 1960களில் ஆலெக் பாங்கம் இத்தகைய கொழுப்புகளைத் தண்ணீரில் கலந்து, அவை தாமாகக் குமிழ்களாக மூடிக்கொள்வதைக் காட்டினார். லிப்போசோம் என்ற பெயரில் அக்குமிழ்கள் இன்று மருந்தைச் சுமந்து செல்கின்றன. இதே குணத்தால்தான் மெல்லிய ஊசி குத்தினாலும் செல் உடைவதில்லை. செயற்கைக் கருத்தரிப்பில் விந்தணுவை ஊசி மூலம் கருமுட்டைக்குள் செலுத்துகிறார்கள். ஊசியை வெளியே எடுத்ததும் துளை மூடிக்கொள்கிறது.

இந்த இரட்டை அடுக்கின் தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர். சிவப்பணுவை 3 மீட்டர் அகலமுள்ள ஓர் அறையாகப் பெரிதாக்கினால், அதன் சுவர் 2 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அதுவும் எண்ணெயால் ஆன சுவர்.

எதையும் நேரில் பார்க்க முடியாத காலத்தில் இரண்டு அடுக்கு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1925இல் ஹாலந்தின் லைடன் நகரில் கோர்டர், கிரெண்டல் என்ற இருவர் செய்த சோதனை மிக எளியது. பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் கிடையாது, உள்சவ்வுகளும் கிடையாது. அதிலிருந்து கிடைக்கும் கொழுப்பு முழுவதும் வெளிச் சவ்வினுடையதாகத்தான் இருக்க வேண்டும். எண்ணிக்கை தெரிந்த சிவப்பணுக்களிலிருந்து அசிட்டோனைக் கொண்டு கொழுப்பைப் பிரித்தெடுத்து, தண்ணீரின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலமாகப் பரப்பினார்கள். படலத்தின் பரப்பை அளந்தார்கள். செல்களின் மொத்த மேற்பரப்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. அப்படியானால் ஒவ்வொரு செல்லையும் போர்த்தியிருப்பது இரண்டு அடுக்கு. முடிவு சரி. ஆனால் அசிட்டோன் எல்லாக் கொழுப்பையும் பிரித்தெடுக்கவில்லை என்பதும், செல்லின் மேற்பரப்பையும் அவர்கள் குறைவாகவே கணக்கிட்டிருந்தார்கள் என்பதும் பின்னாளில் தெரியவந்தன. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. அறிவியலில் இப்படிப்பட்ட அதிர்ஷ்டமும் உண்டு.

பாடநூல் படங்களைப் பார்த்தால் சவ்வு அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். அது ஒரு திரவம். பக்கத்துப் பக்கத்துக் கொழுப்பு மூலக்கூறுகள் வினாடிக்கு ஒரு கோடி முறை அளவில் இடம் மாறிக்கொள்கின்றன. ஒரு மூலக்கூறு ஒரு பாக்டீரியாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறக்குறைய ஒரு வினாடியில் போய்விடும். பக்கவாட்டில்தான் இந்த ஓட்டமெல்லாம். மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்குத் தலைகீழாகப் புரள்வது அபூர்வம், ஏனெனில் தண்ணீரை விரும்பும் தலை வால்களின் நடுவே புகுந்து வெளிவர வேண்டும். சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களும் மிதந்து திரிகின்றன. 1970இல் ஃப்ரை, எடிடின் இருவரும் ஒரு மனிதச் செல்லையும் ஓர் எலிச் செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். மனிதப் புரதங்களுக்கு ஒரு நிறமும் எலிப் புரதங்களுக்கு வேறொரு நிறமும் ஒளிரும்படி செய்திருந்தார்கள். இணைந்த உடனே பாதி ஒரு நிறம், பாதி மற்றொரு நிறம். 37 டிகிரி வெப்பத்தில் 40 நிமிடம் கழித்துப் பார்த்தால் இரண்டும் முழுவதும் கலந்திருந்தன. குளிரில் வைத்தபோது கலக்கவில்லை. இத்தகைய சான்றுகளைத் திரட்டி 1972இல் சிங்கர், நிக்கல்சன் இருவரும் முன்வைத்த பாய்ம மாதிரியைத்தான், சிற்சில திருத்தங்களோடு, இன்றும் கற்பிக்கிறோம். பலரும் அஞ்சும் கொலஸ்ட்ராலுக்கு இங்கே கௌரவமான வேலை இருக்கிறது: விலங்குச் செல்களின் சவ்வு சூட்டில் அதிகம் நெகிழ்ந்துவிடாமலும் குளிரில் உறைந்துவிடாமலும் காப்பது அதுதான்.

இந்த எண்ணெய்ப் படலத்தை எது கடக்கும்? ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற சிறிய, மின்சுமையற்ற மூலக்கூறுகள் தடையின்றிக் கடக்கும். தண்ணீர் ஓரளவு கடக்கும். மின்சுமை கொண்ட அயனிகளுக்கு வழியே இல்லை என்று சொல்லலாம். தண்ணீரோடு ஒப்பிட்டால் சோடியம் அயனிக்கு வெறும் கொழுப்புப் படலத்தைக் கடப்பது ஏறக்குறைய நூறு கோடி மடங்கு கடினம். குளுக்கோஸும் தானாகக் கடக்காது.

தண்ணீர் கடக்கும், கரைந்திருப்பவை கடக்காது என்பதிலிருந்து ஒரு விளைவு உண்டாகிறது. கரைபொருள் குறைவான பக்கத்திலிருந்து அதிகமான பக்கத்துக்குத் தண்ணீர் நகரும். சவ்வூடு பரவல் என்பது இதுதான். சிவப்பணுக்களைச் சுத்தமான தண்ணீரில் போட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து, அவை ஊதி உருண்டையாகி வெடித்துவிடும். 0.9 சதவீத உப்புக் கரைசலில் போட்டால் மாற்றமில்லாமல் இருக்கும். மருத்துவமனையில் இரத்தக் குழாயில் ஏற்றும் சலைன் இந்த அளவில் தயாரிக்கப்படுவதற்குக் காரணம் இதுதான். தாவரச் செல் ஏன் வெடிப்பதில்லை? இங்கேதான் அந்தச் சுவருக்கு மரியாதை. உள்ளே தண்ணீர் நிறைந்து சவ்வு சுவரை அழுத்த, சுவர் தாங்கிப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால்தான் இலையும் இளந்தண்டும் நிமிர்ந்து நிற்கின்றன; அழுத்தம் குறைந்தால் வாடித் தொங்குகின்றன.

தானாகக் கடக்க முடியாதவற்றைக் கடத்தும் வேலை புரதங்களுடையது. சவ்வின் திறமையெல்லாம் இங்கேதான் இருக்கிறது. தண்ணீருக்கே தனிக் கால்வாய் உண்டு என்பது 1992இல்தான் உறுதியானது. பீட்டர் ஆக்ரே இரத்தப் பிரிவு தொடர்பான ஒரு புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, சிவப்பணுச் சவ்வில் இன்னதென்று தெரியாத ஒரு புரதம் ஏராளமாக இருப்பதைக் கண்டார். சோதிக்கத் தவளையின் முட்டைச் செல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் செல்லின் சவ்வு தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. புதிய புரதத்துக்கான குறிப்பை அதற்குள் செலுத்தி, புரதம் உருவான பிறகு உப்புக் குறைந்த நீரில் போட்டார்கள். சாதாரண முட்டைச் செல்கள் அப்படியே இருந்தன. அந்தப் புரதம் உள்ளவை சில நிமிடங்களில் ஊதி வெடித்தன. அக்வாபோரின் என்று அதற்குப் பெயர். 2003இல் நோபல் பரிசு.

அதே ஆண்டு பரிசைப் பகிர்ந்துகொண்டவர் ராடரிக் மக்கினன். அவர் அவிழ்த்த புதிர் இன்னும் சுவையானது. பொட்டாசியம் கால்வாய் பொட்டாசியத்தை விடும், சோடியத்தை விடாது. ஆனால் சோடியம் அயனிதான் சிறியது! பெரியது நுழையும் துளையில் சிறியது ஏன் நுழைவதில்லை? தண்ணீரில் ஒவ்வோர் அயனியையும் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். குறுகிய கால்வாய்க்குள் போக வேண்டுமானால் அவற்றைக் கழற்ற வேண்டும்; அதற்கு ஆற்றல் தேவை. கால்வாயின் உட்புறத்தில் ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்தின் அளவுக்குப் பொருத்தமான தொலைவில் நிற்கின்றன; இழந்த தண்ணீருக்கு ஈடாக அவை பொட்டாசியத்தைத் தாங்கிக்கொள்கின்றன. சிறிய சோடியத்துக்கு அந்த ஆக்சிஜன்கள் எட்டுவதில்லை. தண்ணீரை இழந்து இங்கே நட்டப்படுவதைவிட வெளியிலேயே இருப்பது அதற்கு லாபம்.

கால்வாய் திறந்திருந்தால் அயனிகள் செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் ஓடும். எதிர்த்திசையில் தள்ள ஆற்றல் வேண்டும். சோடியம்–பொட்டாசியம் பம்ப் ஒவ்வொரு சுழற்சியிலும் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து, மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. 1957இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ நண்டின் நரம்பில் இதைக் கண்டறிந்தார். இதன் பயனாகச் செல்லுக்குள் பொட்டாசியத்தின் செறிவு வெளியே உள்ளதைப் போல் 30 மடங்கு வரை இருக்கிறது. சோடியம் வெளியே பத்து மடங்குக்கும் அதிகம். சும்மா படுத்திருக்கும்போதுகூட உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு பம்ப்புக்கே போகிறது. நரம்புச் செல்லின் சவ்வில் இரு பக்கங்களுக்கும் இடையே ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிலவுகிறது. சிறிய எண்தான். ஆனால் அது 5 நானோமீட்டருக்குள் நிற்கிறது. கணக்கிட்டால் ஒரு சென்டிமீட்டருக்கு 1,40,000 வோல்ட்.

பம்ப் உண்டாக்கிய இந்தச் சோடியம் சரிவை வேறு புரதங்கள் பயன்படுத்திக்கொள்கின்றன. சிறுகுடல் செல்களில் ஒரு புரதம் இரண்டு சோடியத்தையும் ஒரு குளுக்கோஸையும் சேர்த்துத்தான் உள்ளே விடும். சோடியம் உள்ளே பாயும் வேகத்தில் குளுக்கோஸும் கூடவே வந்துவிடும். பின்னாலேயே தண்ணீரும் வரும். காலரா நச்சு குடல் செல்களின் குளோரைடு கால்வாய்களைத் திறந்துவிட, உப்பும் தண்ணீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. ஆனால் சோடியம்–குளுக்கோஸ் வழி கெடாமல் இருக்கிறது. எனவே உப்பை மட்டும் கரைத்துக் கொடுத்தால் அதிகப் பயனில்லை. சர்க்கரையும் சேர வேண்டும். ஓ.ஆர்.எஸ். கரைசலில் சர்க்கரை இருப்பது சுவைக்காகவோ தெம்புக்காகவோ அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய அளவில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்குச் சரிசமமாக 75 மில்லிமோல். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மஹலனபிஸ் குழுவினர் இத்தகைய கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். அங்கே 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

சவ்வு கடத்துவதோடு நிற்பதில்லை, செய்தியும் வாங்குகிறது. இன்சுலின் தன் கட்டளையைச் சொல்லச் செல்லுக்குள் நுழைய வேண்டியதில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பியில் ஒட்டினால் போதும். தசைச் செல்லுக்குள் சேமிப்பில் இருக்கும் குளுக்கோஸ் கடத்திகள் சவ்வுக்கு வந்து சேர்ந்துகொள்ளும். ஏ, பி, ஓ என்று நாம் பிரிக்கும் இரத்த வகைகளும் சிவப்பணுவின் சவ்வுக்கு வெளியே நீண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் வேறுபாடுதான்.

வெளிச் சவ்வைப் பற்றியே இவ்வளவு பேசினாலும், நம் செல்களில் சவ்வின் பெரும்பகுதி உள்ளேதான் இருக்கிறது. கல்லீரல் செல் ஒன்றின் மொத்தச் சவ்வில் வெளிச் சவ்வு ஏறக்குறைய 2 சதவீதம் மட்டுமே. மீதமெல்லாம் உட்கருவையும், ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும், மற்ற நுண்ணுறுப்புகளையும் சூழ்ந்தவை. பாக்டீரியாவில் உட்கரு கிடையாது. பெரும்பாலானவற்றில் இத்தகைய உள்ளறைகளும் கிடையாது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள். அது ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாவாக இருந்து, இன்னொரு செல்லுக்குள் குடிபுகுந்தது என்று 1967இல் லின் மார்குலிஸ் வாதிட்டார். அன்று பலர் ஏற்கவில்லை. இன்று அதுவே பாடம்.

வைரஸை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. மரபுப்பொருள் இருக்கிறது, புரத உறை இருக்கிறது. ஆனால் உணவை ஆற்றலாக்கும் ஏற்பாடும் இல்லை, தானாகப் பெருகும் திறனும் இல்லை. இன்ஃப்ளுயன்சா, கொரோனா போன்ற சில வைரஸ்கள் கொழுப்புச் சவ்வைப் போர்த்தியிருப்பது உண்மைதான். அது தாமாகச் செய்ததல்ல. தாக்கிய செல்லிலிருந்து வெளியேறும்போது அதன் சவ்விலிருந்தே எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட வைரஸ்களைச் சோப்பு வீழ்த்துவதும் இதனால்தான். சோப்பு மூலக்கூறுக்கும் தண்ணீரோடு இணங்கும் தலையும் இணங்காத வாலும் உண்டு. அது அந்தக் கொழுப்பு அடுக்கில் புகுந்து பிரித்துவிடுகிறது. சவ்வைப் போர்த்தாத போலியோ, நோரோ வைரஸ்களிடம் இது பலிக்காது. அங்கே சோப்பால் ஆவதெல்லாம், கையிலிருந்து வைரஸைக் கழுவி இறக்குவதுதான்.